மிளிர்வது குரோமியம், காப்பது நிக்கல்

பந்திங் வட்டாரத்து மக்களுக்குக் கடற்காற்றைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மொரிப் கரையிலிருந்து உப்பை ஏந்தி வரும் காற்றும், ஆண்டு முழுவதும் குறையாத ஈரமும் சேர்ந்து இரும்பை என்ன பாடு படுத்துகின்றன என்பதைக் கூரைத் தகரமும் வேலிக் கம்பியும் நாள்தோறும் காட்டிக்கொண்டே இருக்கின்றன. ஆயினும், பள்ளிச் சைக்கிள் கொட்டகையில் நிற்கும் சைக்கிள்களின் ஹேண்டில்பாரைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒரு புதிர் தோன்றும். ஒன்றில், கண்ணாடிபோல் மின்னும் பரப்பின்மீது ஊசிமுனை அளவில் செம்புள்ளிகள் பல. துடைத்தால் மறையும், சில வாரங்களில் அதே இடத்தில் மீண்டும் முளைக்கும். ஏறத்தாழ அதே வயதுடைய மற்றொன்றில் ஒரு புள்ளியும் இராது. இரண்டின் மேலும் இருப்பது குரோமிய முலாமே. அப்படியாயின் வேறுபாடு எங்கிருந்து வந்தது?

குரோம் முலாம் இரும்பைத் துருவினின்றும் காக்கிறது என்று மாணவர்க்குச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது நம் ஆசிரியர்களிடையே வழக்கம். அது பாதி உண்மை. காப்பின் பெரும்பங்கு குரோமியத்தினுடையதன்று. அதன் கீழே மறைந்து கிடக்கும் நிக்கலினுடையது. இதனை முழுமையாக உணர்ந்துகொள்ள உலகத்துத் தொழிலறிஞர்க்கு நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த நாற்பதாண்டு வரலாற்றையே இங்குச் சொல்லப் புகுகிறேன்.

உலோகத்தின்மேல் உலோகத்தைப் போர்த்துவது நமக்குப் புதிதன்று. பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்ந்த உணவு களிம்பேறாமலிருக்க, அதனைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் ஒற்றிப் பரப்பும் ஈயம் பூசுவோரை நம் முதியோர் நன்கு அறிவர். அந்த வெள்ளீயத்தைத் தோண்டி எடுத்தே கிள்ளான் பள்ளத்தாக்கும் கோலாலம்பூரும் வளர்ந்தன. மேனாட்டார் அதே வெள்ளீயத்தை மெல்லிய இரும்புத் தகட்டின்மேல் ஏற்றி உணவு டின்கள் செய்தனர். கூரைத் தகரத்துக்கோ துத்தநாகத்தைப் போர்த்தினர்.

இவ்விரு போர்வைகளும் ஒரு தன்மையன அல்ல. துத்தநாகம் இரும்பைவிட விரைந்து அரிபடுவது. தகரத்தில் கீறல் விழுந்து இரும்பு வெளிப்பட்டாலும், சுற்றியுள்ள துத்தநாகம் தான் அழிந்து இரும்பைக் காக்கும். வெள்ளீயமோ காற்றிலும் மழையிலும் வெறும் மதில்தான். மதிலில் ஓட்டை விழுந்தால் காப்பு இல்லை; அதுமட்டுமன்று, ஓட்டையின் அடியிலுள்ள இரும்பு முன்னைவிட வேகமாக அரிபடும். ஈரத்தில் இரு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் ஒரு சிறு மின்கலம் ஆகிவிடுவதே காரணம். குரோமியமும் நிக்கலும் இந்த இரண்டாம் இனத்தைச் சேர்ந்தவை. இதை வாசகர் நினைவில் கொள்ளவேண்டும். பின்னர் வரும் செய்தி முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

குரோமியத்தைக் கண்டறிந்தவர் பிரெஞ்சு வேதியியலறிஞர் வோக்லான். சைபீரியாவிலிருந்து வந்த செந்நிறக் காரீயத் தாது ஒன்றை 1797இல் ஆராய்ந்து, அதில் புதிய தனிமம் ஒன்று இருப்பதைக் கண்டார். அதன் சேர்மங்கள் மஞ்சள், சிவப்பு, பச்சை எனப் பல வண்ணம் காட்டியதால், நிறம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயர் அமைந்தது. அதன் தாது நம் தமிழ் மண்ணிலும் உண்டு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் பாறைகளில் குரோமியத் தாது காணப்படுகிறது. ஆனால் கண்டுபிடிக்கப்பட்டபின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் குரோமியம் பெரும்பாலும் சாயத்துக்கும் தோல் பதனிடுதற்கும் பயன்பட்டது. உலோகமாக அதை எவரும் பூசவில்லை.

இங்கே ஒரு கதையை விலக்கிவிட வேண்டியிருக்கிறது. சீனத்தின் முதற் பேரரசனுடைய கல்லறைக்கருகே 1974இல் சுடுமண் படைவீரர் சிலைகள் வெளிப்பட்டபோது, அவற்றோடு கிடைத்த வெண்கல ஆயுதங்கள் சில பளபளப்புக் குன்றாதிருந்தன. அவற்றின்மேல் குரோமியத் தடயமும் காணப்பட்டது. உடனே, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனர் குரோம் முலாம் அறிந்திருந்தனர் என்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. நம் மேடைகளிலும் இதனைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2019இல் வெளியான ஆய்வு அந்தக் குரோமியம் ஆயுதத்தின் மரப்பிடிக்கும் பிற பகுதிகளுக்கும் பூசிய அரக்கு வண்ணத்திலிருந்து ஒட்டியது என்று காட்டியது. ஆயுதங்கள் கெடாமலிருந்ததற்கு வெண்கலத்தின் கலவையும் புதைந்த மண்ணின் தன்மையுமே பெரிதும் காரணம். பழம்பெருமை பேசுவதில் தவறில்லை. ஆனால் பேசுமுன் பரப்பைச் சுரண்டிப் பார்த்துவிட வேண்டும்.

டில்லி இரும்புத் தூணின் பெருமையோ மெய்யானது. குப்தர் காலத்து அத்தூண் 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்பதற்கு, இரும்பில் மிகுந்திருக்கும் பாஸ்பரஸ் உண்டாக்கிய மெல்லிய காப்புப் படலமே காரணம் என்று கான்பூர் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார். அங்கே முலாம் ஏதுமில்லை. ஆயினும் ஓர் ஒப்புமை உண்டு: குரோமியமும் காற்றுப் பட்ட கணத்தில் தன் மேனிமீது கண்ணுக்குப் புலப்படாத ஆக்சைடுப் படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. கீறினால் அப்படலம் மீண்டும் தானே தோன்றும். வெள்ளி கறுப்பதுபோல் அது கறுப்பதில்லை என்பதற்குக் காரணம் இதுவே. ஷெப்பீல்டு நகரில் பிரேர்லி 1913இல் உருவாக்கிய துருவேறா எஃகும் இதே படலத்தால்தான் வாழ்கிறது. அங்கே குரோமியம் எஃகின் உள்ளேயே கலந்திருக்கும். முலாமில் மேலே மட்டும் இருக்கும். நம் கடைக்காரர்கள் இரண்டையும் ‘சில்வர்’ என்றே விற்றுவிடுகிறார்கள்!

மின்சாரத்தால் முலாம் பூசும் கலை வோல்டாவின் மின்கலம் தோன்றிய ஐந்தாண்டுக்குள்ளாகவே, 1805இல், இத்தாலியில் புருன்யதெல்லி தங்கமுலாம் பூசியதோடு தொடங்குகிறது. 1840இல் பர்மிங்காம் எல்கிங்டன் குடும்பத்தார் அதைப் பெருந்தொழில் ஆக்கினர். நிக்கல் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. பழைய சைக்கிள்கள் மின்னியது நிக்கலால். அந்த ஒளி சற்று மஞ்சள் கலந்தது, சில திங்களில் மங்கும், தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும். குரோமியத்தைப் பூச 1854இல் புன்சன் முயன்றார். தொழிலுக்கு உதவும் வழி அகப்படவில்லை. 1920இல் சார்ஜெண்ட் என்பவர் குரோமிக அமிலத்தில் சிறிதளவு சல்பேட்டு இருந்தால் நல்ல படிவு கிடைக்கும் என்று வெளியிட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிங்க் என்ற பேராசிரியர் தம் மாணவர் எல்ட்ரிட்ஜுடன் அதை வரையறைப்படுத்தி, 1926இல் காப்புரிமையும் பெற்றார். நூறு பங்கு குரோமிக அமிலத்துக்கு ஒரு பங்கு கந்தக அமிலம் என்பது அன்று வகுத்த விகிதம். முலாம் பட்டறைகளில் அது நெடுங்காலம் வேதவாக்காக இருந்தது.

நீலச்சாயல் கொண்ட அந்தப் புதிய ஒளி மங்கவே மங்காது, தேய்க்கவே வேண்டாம். 1920களின் முடிவுக்குள் கார், குழாய், நாற்காலி, சைக்கிள் எல்லாவற்றின்மீதும் அது ஏறிவிட்டது. ஏறிய வேகத்திலேயே அதற்குக் கெட்ட பெயரும் வந்தது. இரும்பின்மேல் நேரே பூசியவையும், பெயரளவுக்கு நிக்கல் தடவி அதன்மேல் பூசியவையும் ஒரே மழைக்காலத்தில் செம்புள்ளி கண்டன. மங்காத உலோகம் என்று விளம்பரப்படுத்தினார்களே என்று வாங்கியோர் கேட்டனர். குரோமியம் மங்கவில்லைதான், துருத்தது அதன் அடியிலிருந்த இரும்பு.

ஏன் இப்படி? அலங்காரக் குரோம் முலாமின் கனம் ஒரு மைக்ரானில் கால்பங்கு முதல் அரைப்பங்கு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. நோட்டுப் புத்தகத் தாள் ஏறத்தாழ நூறு மைக்ரான் இருக்கும்; அதை முந்நூறு நானூறு கூறாகப் பிளந்தால் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவே குரோமியம். அத்துணை மெல்லிய பரப்பில் நுண்துளைகள் இல்லாமலிரா. சரி, கனமாகப் பூசிவிட்டால்? அப்போது குரோமியம் தனக்குள்ளேயே இழுவிசை கொண்டு, காய்ந்த வண்டல்போல் வெடிக்கும். மெலிந்தால் துளை, தடித்தால் வெடிப்பு. ஆகவே ஈரம் கீழே செல்ல வழி என்றும் உண்டு.

கீழே நிக்கல் தடித்திருந்தால் ஈரம் அங்கே தடைப்படும். அமெரிக்கத் தர நிர்ணய அலுவலகத்தைச் சேர்ந்த வில்லியம் பிளம் என்பாரும் அவர் துணைவர்களும் 1930களில் முலாம் பூசிய எஃகுத் தகடுகளைக் கடலோர ஊர்களிலும் புகை நகரங்களிலும் ஆண்டுக்கணக்கில் வெயிலில் வைத்துப் பார்த்தனர். தகடுகளின் ஆயுளைப் பெரிதும் நிர்ணயித்தது நிக்கலின் கனமே என்பது தெளிவாயிற்று. இன்றைய பன்னாட்டுத் தரவிதியும் இதையே பின்பற்றுகிறது: வீட்டினுள் வைக்கும் பொருளுக்கு எஃகின்மேல் 10 மைக்ரான் நிக்கல் போதும், மழையும் உப்பும் படும் பொருளுக்கு 30, 40 மைக்ரான் வேண்டும். மேலே குரோமியம் எல்லாவற்றிற்கும் ஏறத்தாழ ஒன்றே. புதிதாக வாங்கும்போது இரண்டு சைக்கிளும் ஒன்றுபோல் மின்னும். 10 மைக்ரானா 30 மைக்ரானா என்பது கண்ணுக்குத் தெரியாது. மொரிப் காற்றுக்குத்தான் தெரியும்.

அறிவியல் ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். பொட்டாசியம் பெரிசயனைடும் உப்பும் கரைத்த நீரில் வடிதாளை நனைத்து, நிக்கல் முலாம் பூசிய எஃகின்மேல் சில நிமிடம் ஒட்டி வைத்தால், எங்கெங்கே துளை வழியாக இரும்பு எட்டிப் பார்க்கிறதோ அங்கெல்லாம் தாளில் நீலப்புள்ளி விழும். கரைசலை மாணவர் கையில் கொடாமல் ஆசிரியரே கையாளுவது நன்று.

நிக்கலைக் கூட்டினால் போதும் என்றால் கதை 1930களிலேயே முடிந்திருக்கும். நிக்கலோ விலையுயர்ந்தது, போர்க்காலத்தில் கிடைப்பதும் அரிது. கொரியப் போரின்போது அமெரிக்க அரசு நிக்கல் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. கார் செய்வோர் நிக்கலைக் குறைத்தும், செம்பின்மேல் குரோமியம் ஏற்றி அரக்குப் பூச்சுப் பூசியும் காலம் தள்ளினர். அக்காலத்துக் கார்களின் பம்பர்கள் விரைவில் துருவேறி, முலாம் தொழிலையே தலைகுனிய வைத்தன. குறைந்த நிக்கலைக் கொண்டு நிறைந்த காப்பைப் பெறுவது எப்படி என்ற கேள்வி அப்போதுதான் உண்மையாக எழுந்தது.

விடைகள் இரண்டு கிடைத்தன, இரண்டும் வியப்புக்குரியவை. முதலாவது, நிக்கலை ஒரே அடுக்காகப் பூசாமல் ஈரடுக்காகப் பூசுதல். பளபளப்பு ஊட்டும் சேர்க்கைப் பொருள்களால் மேலடுக்கு நிக்கலில் சிறிது கந்தகம் கலந்துவிடும்; அதனால் அது எளிதில் அரிபடும். கீழடுக்கில் கந்தகமில்லை, அது எளிதில் அரிபடாது. அரிமானம் மேலிருந்து குடைந்துகொண்டு வந்து இரண்டும் கூடும் எல்லையை எட்டியதும், கீழே போகாமல் பக்கவாட்டில் திரும்பிவிடுகிறது. மேலடுக்கு தான் அழிந்து கீழடுக்கையும் இரும்பையும் காக்கிறது. துத்தநாகத்தின் தன்மையை நிக்கலுக்குள்ளேயே வரவழைத்துவிட்டார்கள்! இம்முறை 1950களில் பரவியது.

இரண்டாவது விடை இன்னும் வியப்பானது. அதுவரை வெடிப்பில்லாத குரோமியத்தை உண்டாக்கவே எல்லோரும் பாடுபட்டனர். 1960களில் இதைத் தலைகீழாக்கினர். குரோமியத்தில் ஒன்றிரண்டு துளைகளே இருந்தால், அரிமான மின்னோட்டம் முழுவதும் அந்த ஒன்றிரண்டிலேயே குவிந்து, நிக்கலைத் துளைத்து இரும்புவரை இறங்கிவிடும். துளைகள் எண்ணிறந்தனவாக இருந்தாலோ, அதே மின்னோட்டம் எல்லாவற்றிற்கும் பங்கிடப்பட்டு, எந்தத் துளையிலும் ஆழமாக இறங்க வலுவற்றுப் போகும். ஆகவே வேண்டுமென்றே நுண்வெடிப்புகளையும் நுண்துளைகளையும் உண்டாக்கினர். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் 250 வெடிப்புக்கு மேல், அல்லது ஒரு சதுர சென்டிமீட்டரில் 10,000 துளைக்குக் குறையாமல் என்று தரவிதியே கணக்கு வகுத்திருக்கிறது. கண்ணுக்கோ அது குறையற்ற கண்ணாடி. குறையைப் பெருக்கியே குறையைத் தீர்த்த இந்த யோசனையை, என் கணிப்பில், முலாம் வரலாற்றின் மிக நுட்பமான யோசனை எனலாம்.

இவற்றையெல்லாம் சோதிக்கப் பல்லாண்டு காத்திருக்க முடியுமா? உப்புநீரைப் பனிபோலத் தூவும் பெட்டியில் பொருளை வைத்துப் பார்க்கும் முறை 1914 முதலே உண்டு. அது வெளியுலகத்தோடு நன்கு ஒத்துவரவில்லை. பிறகு உப்புநீரோடு அசெட்டிக் அமிலமும் சிறிது செம்பு உப்பும் சேர்த்து, ஏறத்தாழ 50 பாகை வெப்பத்தில் தூவும் ‘காஸ்’ சோதனை வந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் பழைய பால்மரத் தோட்டங்களின் நினைவே எழும். கடலிலிருந்து உப்பு, ஸ்டோரில் பாலை உறைய வைக்கும் ஆசிட், ஓயாத ஈரம், வெக்கை. பால் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடிய ரேலி சைக்கிள்கள் ஆய்வுப் பெட்டிக்குள்ளேயே ஓடியவை போன்றவைதாம். இன்று அந்நிலங்களிற் பெரும்பாலானவை செம்பனைக் காடாகிவிட்டன.

இத்துறையில் தமிழ் மண்ணின் பங்கைச் சொல்லாமல் விடலாகாது. மலாயாவோடு நெருங்கிய வணிகத் தொடர்புடைய செட்டிநாட்டில், காரைக்குடியில், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைந்திருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பெருநகர் ஒன்றில் அமைந்திருக்கக்கூடிய நிலையம் அது. ஒருவரது கொடையால் வறண்ட சிவகங்கைச் சீமைக்கு வந்தது. முலாம் பூச்சும் உலோக அரிமானமும் அதன் முதன்மையான ஆய்வுத் துறைகளில் அடங்கும். இந்தியாவின் எப்பகுதியில் உலோகம் எவ்வளவு அரிபடுகிறது என்று காட்டும் நிலப்படத்தை வகுத்ததும் அந்நிலையமே. கடற்காற்றின் கொடுமையை அளக்க இராமேசுவரத்துக்கு அருகே மண்டபத்தில் அதற்கு ஒரு சோதனைக் களமும் அமைந்தது. அவ்விடத்துக் காற்று எத்தகையது என்பதற்குப் பாம்பன் பாலமே சான்று: 1914இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலம் அரிமானத்தால் நலிந்து, 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலத்துக்கு இடம் கொடுத்தது.

அதே செட்டிநாட்டைச் சேர்ந்த முருகப்பா குடும்பத்தார், ஆங்கில நாட்டு டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கினர். அங்கிருந்து ஹெர்குலிஸ் வண்டிகள் தமிழகமெங்கும் ஓடின. நாம் போற்றிய ரேலியும் 1960இல் அதே ஆங்கில நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. ஆக, தமிழகத்து ஹெர்குலிசும் மலாயாத் தோட்டத்து ரேலியும் ஒரு காலத்தில் உறவினர் ஆயின.

இனி, இந்த ஒளிக்கு மனிதர் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். குரோமியத் தொட்டியில் செலுத்தும் மின்சாரத்தில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கே குரோமியத்தைப் படியவைக்கிறது. எஞ்சியதிற் பெரும்பங்கு ஹைட்ரஜன் குமிழிகளாகிறது. குமிழி வெடிக்கும்போது குரோமிக அமிலம் நுண்பனியாக எழும். அதைச் சுவாசித்த தொழிலாளரின் மூக்கின் நடுத்தண்டு புண்ணாகித் துளைவிழுந்தது. இதை ஆராய்ந்து 1928இலேயே எழுதிய இருவரில் ஒருவர், மேலே நான் குறிப்பிட்ட அதே வில்லியம் பிளம். முலாமில் விழும் துளையை எண்ணியவர் முலாம் பூசுவோர் மூக்கில் விழும் துளையையும் எண்ணினார் என்பது அவர் பெருமை. அதன்பின்னும் பல்லாண்டுக்காலம் பட்டறைகள் பல திருந்தவில்லை என்பது தொழிலின் சிறுமை. இவ்வகைக் குரோமியச் சேர்மங்கள் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இல் உறுதி செய்தது. தமிழகத்து இராணிப்பேட்டையில், 1990களில் மூடப்பட்ட குரோமேட்டுத் தொழிற்சாலை ஒன்று விட்டுச்சென்ற கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். அது நிலத்தடி நீரை மஞ்சளாக்கிற்று.

நச்சு குறைந்த மூவிணைதிறக் குரோமியத் தொட்டிகள் 1970களிலேயே விற்பனைக்கு வந்தும், நிறம் சற்றே வேறுபட்டதால் வாங்குவோர் தயங்கினர். ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பரிலிருந்து தனி அனுமதியின்றிக் குரோமிக அமிலத் தொட்டியைப் பயன்படுத்தலாகாது என்று விதித்தபின்பே மாற்றம் விரைவு கொண்டது. நீலச்சாயலில் ஓர் இம்மி குறைவதற்காகத் தொழிலாளி மூக்கைக் கொடுக்கவேண்டுமா என்ன? தொட்டி எதுவாயினும், அடியில் இருப்பது இன்றும் நிக்கலே.

வீட்டில் சைக்கிள் வைத்திருப்போர்க்குச் சில வார்த்தைகள். பித்தளை விளக்கைத் துலக்குவதுபோல் குரோம் முலாமைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்கலாகாது. புளியின் அமிலம் துளைவழி இறங்கி நிக்கலையும் இரும்பையும் தாக்கும். சாம்பல் அந்த மெல்லிய பரப்பைக் கீறும். கடற்கரை சென்று வந்த வண்டியை நல்ல நீரால் கழுவி உப்பைப் போக்கி, ஈரம் ஒற்றி, எண்ணெய் தோய்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து வாசலில் அமர்ந்து தேங்காயெண்ணெயால் ஹேண்டில்பாரைத் துடைத்த நம் பெரியவர்கள் நுண்துளைகளை எண்ணெயால் அடைத்துக்கொண்டிருந்தார்கள். கைப்பிடி ரப்பர் முடியும் இடத்திலும் பிரேக் கம்பியின் அடியிலும் வியர்வையும் ஈரமும் தங்கும். செம்புள்ளி முதலில் தோன்றுவது பெரும்பாலும் அங்கேதான்.